தூண்டிலில் தவளை



வற்றாப்பளைப் பக்கம் மீளக் குடியேறிய ஒரு தாய் அண்மையில் என்னிடம் கேட்டார்: "மௌலவி, என்ட மகன் தவளையை உயிரோட தூண்டில்ல குத்தி விரால் பிடிச்சிட்டு வாறான். அந்த மீனை நான் ஆக்கலாமா?" அவர் மீனைப் பற்றியல்ல, மகனைப் பற்றித்தான் கேட்கிறார் என்பது எனக்கு விளங்கியது.

மீனில் குற்றமில்லை. நீர்வேட்டை நமக்கு ஹலால் என்று அல்மாயிதா அத்தியாயத்தின் 96ஆம் வசனம் அனுமதிக்கிறது. எந்த இரைக்குப் பிடிபட்டது என்பதால் அது மாறாது. தாராளமாக ஆணம் காய்ச்சுங்கள். தவளையின் விஷயம் வேறு. மருந்தில் தவளையைச் சேர்ப்பது பற்றி ஒரு வைத்தியர் கேட்டபோது, அதைக் கொல்வதை நபி (ஸல்) அவர்கள் தடுத்ததாக அபூதாவூதில் ஹதீஸ் இருக்கிறது. மருந்துக்கே இல்லையென்றால் தூண்டிலுக்கு எப்படி? முதுகில் முள்ளேறிய தவளை நீரில் காலை உதைப்பதை, விரால் வந்து கவ்வும்வரை ஒரு பிள்ளை பார்த்துக்கொண்டு நிற்கிறான். அந்தப் பார்வை பழகிப்போவதுதான் எனக்குப் பயம்.

ஆனால் "கூடாது" என்று மட்டும் சொன்னால் நமக்குத் தெரியாமல் போவான். வேறு இரை காட்ட வேண்டும். 1990 ஒக்டோபரில் வடபுல முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது சிறுவர்களாய்ப் போனவர்கள்தாம் இன்று வாப்பாமார். எந்த மாதத்தில் எந்த இரை என்று மூத்தவர்கள் சொல்லித்தரும் வழக்கம் இடையில் அறுந்துவிட்டது.

ஸ்கொட்லாந்தின் ஆறுகளில் சல்மன் என்றொரு மீன் உண்டு. முட்டையிடக் கடலிலிருந்து ஆற்றுக்கு ஏறும்போது அது உண்பதை நிறுத்திவிடுகிறது. நோன்பாளி மீன் என்றே சொல்லலாம்! அப்படியும், இறகும் மயிரும் கட்டிய வெறும் முள்ளைப் பாய்ந்து கவ்வுகிறது. குளிர்ந்து பெருகிய நீரில் பெரிய இறகு, கோடையில் வற்றித் தெளிந்த நீரில் சிறியது என்று அங்குள்ளவர்கள் தெரிந்து கட்டுகிறார்கள். (பழைய கட்டுகளில் பன்றி மயிரும் சேர்ந்தது. அது நமக்கு வேண்டாம்.)

இதே கணக்கு நந்திக்கடல் கொடுவாவுக்கும் பொருந்தும். கொடுவா சிறுமீனையும் இறாலையும் துரத்தி விழுங்கும் மீன். மாரியில் பேராற்று வெள்ளம் இறங்கி, வட்டுவாகலில் கடலும் களப்பும் ஒன்றாகும்போது நீர் கலங்கியிருக்கும். அப்போது மீன் கண்ணைவிட நீரின் அசைவையே நம்புகிறது. கறுத்த, பெரிய இறகைக் கட்டி மெதுவாக இழுக்க வேண்டும். கோடையில் நீர் தெளிந்தால் இறால் அளவில் சிறிய வெள்ளை இறகு போதும். இறால் துள்ளுவதைப்போல விட்டுவிட்டுச் சுண்ட வேண்டும். பொழுது சாயும் நேரம் நல்லது. மஃரிபுக்கு முன் வீடு வந்துவிட வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

இறகுக்குக் கடைக்குப் போகத் தேவையில்லை. உங்கள் குசினியில் அறுத்த கோழியின் இறகு சுத்தமானது. கழுவிக் காயவைத்து, முள்ளின் தண்டில் தையல் நூலால் இறுக்கிக் கட்டி, நுனி வளைவுக்குப் பின்னால் நீளும்படி விடுங்கள். எறிவதற்குச் சிறு ஈயக்குண்டு. முதல் முள்ளை நீங்களே கட்டிக் கொடுங்கள், மகன் மறுக்கமாட்டான்.

குளத்து விராலுக்குப் பழைய செருப்பு றப்பரில் தவளை வெட்டலாம். நீர்ப்பூண்டுகளுக்கு இடையே மேலால் இழுத்தால் உண்மைத் தவளை என்றே பாயும். ஒன்று மட்டும். விரால் தன் குஞ்சுகளைக் காவல் காக்கும் மீன். குஞ்சுக் கூட்டத்துக்குக் கிட்ட எது வந்தாலும், பசிக்காக அல்லாமல் காவலுக்காகவே கடிக்கும். அப்போது அதைப் பிடித்தால் அத்தனை குஞ்சும் மற்ற மீன்களுக்கு இரையாகிவிடும். நீர்மட்டத்தில் செந்நிறக் குஞ்சுகள் கூட்டமாய் மிதப்பதைக் கண்டால், அன்றைக்குத் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு வரச் சொல்லுங்கள்.