வெட்டும் புடைப்பும்

வாழ்த்து மடலை அச்சுக்கூடத்தின் பிள்ளையென்றே பலரும் எண்ணுவர். 1843ஆம் ஆண்டு இலண்டனில் ஹென்றி கோல் என்பார் ஓவியர் ஹோர்ஸ்லியைக் கொண்டு வரைவித்து விற்பனைக்கு விட்ட நத்தார் மடலை அதன் தொடக்கமாகக் கூறுவதும், பின்னாளில் சிவகாசியின் பல்வண்ணப் பொங்கல் மடல்கள் தமிழகத் தபாற்காரரின் பையை நிறைத்ததும் அவ்வெண்ணத்திற்குத் துணை செய்வன. ஆயினும் அச்சுக்கூடம் கைவிட்ட காலங்களும் உண்டு. 1990இன் நடுப்பகுதிக்குப் பின் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய், பற்றரி, மெழுகுதிரி முதலியன தடைக்கும் கட்டுப்பாட்டுக்கும் உட்பட்டன. நாளிதழ்களே கோடிட்ட கொப்பித் தாளில் வெளிவந்தன. அத்தகைய நாட்களில் கடைக்குச் சென்று வாழ்த்து மடல் வாங்குவதென்பது நகைப்புக்குரிய விருப்பமாக இருந்தது. வேண்டுவோர் தாமே செய்துகொள்ள வேண்டியதுதான்.

அவ்வாறு செய்தவர்களுள் ஒருத்தி தெல்லிப்பழையிலிருந்து இடம்பெயர்ந்து கோண்டாவிலில் ஒரு வாடகை வீட்டில் தாயுடன் இருந்த இளம் சித்திர ஆசிரியை. தந்தை 1991இல் நெஞ்சு நோயால் இறந்தார். ஒரே தம்பி ஜேர்மனியில். தந்தையின் ஈமக் கிரியைக்கு அவனால் வர இயலவில்லை. செய்தி கூட இரண்டு மாதம் கழித்தே அவனை எட்டியது. 1992 மார்கழியில், அவனுக்கு ஒரு பொங்கல் மடல் அனுப்ப வேண்டுமென்று அவள் தீர்மானித்தாள். துடக்குக் காலம் கழிந்துவிட்டது; வீட்டில் மீண்டும் பானை வைக்கப்படுகிறது என்பதை அவனுக்குச் சொல்ல அதைவிடச் சிறந்த வழி அவளுக்குத் தோன்றவில்லை.

வெட்டுப்படிவத்திற்கு, அதாவது ஸ்ரென்சிலுக்கு, நிறத்தை உறிஞ்சாததும் ஓரம் பிசிறாததுமான தகடு தேவை. தடித்த மட்டை நாலைந்து முறை நிறம்பட்டதும் நனைந்து ஊறிவிடும். பாடசாலை றோனியோவிற்குரிய மெழுகுத் தாளோ தட்டச்சு எழுத்தின் கீறலுக்கே ஏற்றது, கைவெட்டுக்கு நில்லாது. வீட்டில் இருந்த ஒரே தகுதியான பொருள், கடித உறையொன்றில் சுவரலுமாரியின் மேல் கிடந்த தந்தையின் நெஞ்சு எக்ஸ்றேப் படம். அது வளையும், கிழியாது. சவரத் தகட்டுக்கு வெண்ணெய்போல இடங்கொடுக்கும். கைவினை தெரிந்த எவரும் அதன் மீது கண்வைக்காமல் இருக்க மாட்டார்.

தாய் உடனே இசையவில்லை. அந்த வீட்டில் எஞ்சியிருந்த தந்தையின் உருவங்கள் இரண்டே: ஒன்று அடையாள அட்டையின் சிறு படம், மற்றது இந்த விலாவெலும்புகள். முன்னது இடப்பெயர்வில் நனைந்து முகம் மங்கிப்போனது. ஈற்றில், "ஓரத்திலை வேணுமெண்டால் வெட்டு பிள்ளை, நடுவைத் தொடாதை. கழுவியும் போடாதை," என்றார். கழுவினால் படலம் கரைந்து தகடு கண்ணாடியாகிவிடும் என்பதை அயல்வீட்டார் செய்யக் கண்டு அவர் அறிந்திருந்தார்.

தமிழெழுத்தை வெட்டுப்படிவத்தில் அடக்குவது ஒரு தனிக் கலை. ட, ப, ர போன்ற சிலவே திறந்த வடிவின. மற்றைய பல எழுத்துகள் சுழியுடையவை. சுழியைச் சுற்றி வெட்டினால் அதன் உள்வட்டம் கழன்று விழுந்துவிடும். 'வாழ்த்து' என்னும் சொல்லோ சுழிகளாலேயே ஆனது. ஆகவே ஒவ்வொரு சுழியிலும் வெட்டாமல் ஒரு மெல்லிய பாலம் விடவேண்டும். பாலம் பெருத்தால் எழுத்துச் சிதையும், சிறுத்தால் இரண்டாம் மடலிலேயே அறும். யப்பானியர் தம் துணி அச்சுப் படிவங்களில் இத்தகைய தீவுகளைத் தலைமயிராலும் பட்டு நூலாலும் கட்டி நிறுத்தினர் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. புள்ளியின் கதை வேறு. ஓலையில் எழுதியோர் புள்ளியைப் பெரும்பாலும் இடாது விட்டனர். படிவம் வெட்டுவோர்க்கோ அதுவே மிக எளிது: சுட்ட ஊசியால் ஒரு குத்து.

எழுத்துகள் ஓரத்தில் அடங்கின. கரும்பும் அடங்கியது. பானைதான் அடங்கவில்லை. ஓரத்தின் அகலம் இரண்டு விரலுக்கு மேல் இல்லை. அந்த அளவில் வெட்டிய பானை கிண்ணம்போல் தோன்றிற்று. தாய் கிணற்றடிக்குச் சென்ற ஒரு மாலையில் அவள் படத்தின் நடுவில், இடப்பக்க விலாக்களின் மேல், பானையை வெட்டினாள். இதனை அவள் எவரிடமும் கூறவில்லை.

நிறத்திற்கு மஞ்சளும், மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்த செம்மையும், துணிக்கிடும் நீலமும் போதுமானவையாயின. ஈரம் மிகுந்தால் நிறம் படிவத்தின் அடியிற் கசியும். எனவே துணிப்பொட்டலத்தைப் பிழிந்து, ஏறக்குறைய உலர்ந்த நிலையில், நெட்டாக ஒற்றியெடுக்க வேண்டும். நிறம் காய்ந்தபின் படிவத்தை அகற்றாமல் தாளோடு சேர்த்துத் திருப்பி, யன்னல் வெளிச்சத்தில் பிடித்து, மை தீர்ந்த பேனாவின் முனையால் பின்புறமாக ஓரங்களை அழுத்தித் தேய்த்தால், முன்புறத்தில் உருவம் புடைத்தெழும். எக்ஸ்றேத் தகடு ஒன்று மட்டும் மெல்லியது. இரண்டை ஒட்டினாலன்றிப் புடைப்பு விரலுக்குத் தெரியாது. பானைக்கு மட்டும் அவள் இரண்டாம் தகடு வைத்தாள். அதற்கும் படத்தின் நடுவே போயிற்று. தாளும் முக்கியம். வாழைச்சேனை ஆலையின் வைக்கோல் தாள் போன்றவற்றின் நார் குறுகியது, அழுத்தினால் வெடிக்கும். பழைய சித்திரக் கொப்பியின் தடித்த தாள் ஒன்று அகப்பட்டது.

மடல் கொழும்புக்குப் போகும் ஓர் உறவினர் கையில், கிளாலிக் கடனீரேரியைப் படகில் கடந்து சென்றது. அடுத்த 1993 சனவரித் தொடக்கத்தில் அதே நீர்வழியில் பயணிகள் கொல்லப்பட்டனர். உறவினர் அதற்கு முன்னரே கடந்துவிட்டார் என்பது தெரியவர வீட்டில் பத்து நாட்கள் சென்றன. மடலுக்காக அவரை அவசரப்படுத்தியது தானே என்ற எண்ணத்தில் அந்தப் பத்து நாட்களும் ஆசிரியை சரியாக உண்ணவில்லை.

1995 ஒக்டோபர் 30இல் வலிகாமம் முழுவதும் எழுந்து நடந்தபோது எக்ஸ்றே உறை எடுபடவில்லை. மறு ஆண்டு திரும்பியபோது வீட்டில் அலுமாரியே இல்லை.

ஏ-9 வீதி 2002 ஏப்ரலில் திறந்தது. அடுத்த ஆண்டு தம்பி வந்தான். பெட்டியிலிருந்து அந்த மடலை எடுத்து வைத்தான். மஞ்சள் முற்றாக வெளிறியிருந்தது, செம்மை பழுப்பாகியிருந்தது. புடைப்பு மட்டும் அவ்வாறே நின்றது. அதன்மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலைச் சாய்த்துத் தேய்த்து, இழந்த படிவத்தின் வடிவை ஆசிரியை மீட்டெடுக்க முயன்றாள். 'வாழ்த்து' தன் சுழிகளில் விட்ட சிறு பாலங்களோடு கருமையில் தெளிந்தது.

பார்வை குன்றியிருந்த தாய் மடலை வாங்கிப் பெருவிரலால் தடவினார். விரல் கரும்பைக் கடந்து பானையில் நின்றது.

"இவ்வளவு பெரிசு ஓரத்திலை வராதே பிள்ளை?"

"இல்லை அம்மா. நடுவிலைதான் வெட்டினனான்."

தாய் விரலை எடுக்கவில்லை. சற்று நேரங்கழித்து, பானையின் விளிம்பு தேய்த்த தாளில் சரியாக விழவில்லை என்றும், தம்பியின் கை பாரமானதால் இம்முறை அவனைத் தேய்க்கவிடும்படியும் கூறினார்.