கையொப்பமும் பொறுப்பும்

திருகோணமலை உவர்மலையில் நின்று உட்துறைமுகத்தை நோக்குவோர்க்கு அதன் அமைதியே முதலிற் புலப்படும். அலையடங்கிய நீர்ப்பரப்புக்கு அப்பால் சீனன்குடா விமானத்தளம் கிடக்கும். இங்கிலாந்தில் ஜெட் இயந்திரப் பாகங்களை ஆக்கும் தொழிற்சாலையொன்றில் உற்பத்திப் பொறியியலாளராக நெடுங்காலம் பணியாற்றி ஓய்வுபெற்ற ஒருவர், ஊருக்கு வரும்போதெல்லாம் மாலையில் இவ்விடத்தில் வந்து நிற்பதுண்டு. அவருடைய தந்தையார் பிரித்தானியக் கடற்படையின் டொக்யாட்டில், 1957 இல் அது இலங்கையிடம் கையளிக்கப்படும் வரை, பிற்றராக வேலை பார்த்தவர். பொறியியலில் மகன் பெற்ற முதற்பாடம் பல்கலைக்கழகத்திற் கிடைத்ததன்று; இந்நீரின் கரையிற் கிடைத்தது.

1944 ஓகஸ்ட் 8 ஆம் திகதி இத்துறைமுகத்தில் ஒரு விபத்து நிகழ்ந்தது. கப்பல்களைத் தூக்கிப் பழுதுபார்க்கும் மிதக்கும் துறை ஒன்று அப்போது இங்கு இருந்தது. அதன் தாங்கிகளில் நீரை நிரப்பினால் அது தாழும். கப்பல் உள்ளே புகுந்ததும் நீரை இறைத்து வெளியேற்றினால், கப்பலையும் சுமந்துகொண்டு மேலெழும். அன்று ‘வலியன்ற்’ என்னும் போர்க்கப்பல், பெரும்பாலும் நிறைந்த வெடிபொருட் சுமையுடன், அதனுள் ஏற்றப்பட்டது. கப்பல் இருந்த இடத்துக்கும் அதன் பாரத்துக்கும் பொருந்தாத வகையில் தாங்கிகள் வெறுமையாக்கப்பட்டமையால், துறையின் முனைகள் தாங்கொணாத தகைப்புக்கு உள்ளாகின. துறை முதுகொடிந்து மூழ்கியது. கப்பல் தப்பியதாயினும், அதன் உட்புறச் சுழல் விசிறிகள் இரண்டும் சுக்கான் ஒன்றும் இறுகிப்போயின.

தந்தையார் இதனைக் கூறும்போதெல்லாம் ஒரே சொற்களால் முடிப்பார்: “டொக் பாரத்தாலை உடையேல்லைத் தம்பி. தண்ணி இறைச்ச முறையாலை உடைஞ்சது.” எவ்வளவு என்பது மட்டுமன்று, எங்கே, எந்த வரிசையில் என்பதும் கணக்கில் அடங்கும் என்பதே இதன் பொருள். சிறுவனுக்கு அது வெறும் கதையாகவே இருந்தது.

அவர் பின்னாளில் மேற்பார்வை செய்த தொழிலோ, மிதக்கும் துறையோடு ஒப்பிடுகையில், அணுவளவினது. ஜெட் இயந்திரத்தின் சுழலித் தகடுகள் நிக்கல் கலப்புலோகத்தால் ஆனவை. அவற்றின்மீது பாயும் வாயுவின் வெப்பம் அவ்வுலோகத்தின் உருகுநிலையையும் விஞ்சுவதுண்டு. தகடு உருகாதிருக்கக் காரணம் அதன் உடலிற் குடையப்பட்ட நுண்டுளைகளே. உள்ளிருந்து அவற்றின் வழியே வெளியேறும் காற்று, தகட்டின்மேல் மெல்லிய போர்வையாகப் படர்ந்து அதனைக் காக்கின்றது. அரை மில்லிமீற்றர் அளவான இத்துளைகளைச் சாய்வான கோணத்தில், கடினமான உலோகத்தில், துளையூசி கொண்டு இடுதல் எளிதன்று. 1960 இல் தியடோர் மேமன் முதலாவது லேசரை இயக்கிக் காட்டினார். 1965 அளவில் கம்பியிழுக்கும் வைர அச்சுகளிலே துளையிட லேசர் பயன்படலாயிற்று. பின்னர் சுழலித் தகடுகளுக்கும் அதுவே கருவியாயிற்று.

ஆயினும் லேசர் வெட்டுவதன்று, உருக்குவது. ஒரு செக்கனின் ஆயிரத்திலொரு பங்கு அளவே நீளும் ஒவ்வோர் ஒளித்துடிப்பும் உலோகத்தை உருக்கி வெளியே வீசுகின்றது. வீசப்படாது எஞ்சும் சிறிது உலோகம் துளையின் சுவரிலே மீண்டும் உறைகின்றது. அவ்வுறைபடலத்திலே மயிரிழையிலும் மெல்லிய வெடிப்புகள் தோன்றலாம். அவை படலத்தைக் கடந்து தாய்உலோகத்துட் புகுந்தால், பறப்பிலே மாறிமாறி வரும் வெப்பமும் விசையும் அவற்றை வளர்க்கும். துளையின் விட்டத்தை அளந்தோ காற்றோட்டத்தைச் சோதித்தோ இதனை அறிய இயலாது. தகட்டைக் குறுக்கே வெட்டி, மெருகேற்றி, நுணுக்குக்காட்டியின் கீழ் நோக்கவேண்டும். வெட்டிய தகடோ பின்னர் இயந்திரத்துக்கு உதவாது. ஆகவே ஒன்றை அழித்து, ஏனையவற்றை நம்ப வேண்டியுள்ளது. அந்நம்பிக்கைக்கு மேற்பார்வையாளரின் கையொப்பமே சாட்சி.

1980களில் ஒருநாள் மாலை, வெட்டிய மாதிரித் தகடொன்றின் ஒரே துளையில், படலத்தைத் தாண்டி உலோகத்துள் நுழைந்த வெடிப்பொன்றை அவர் கண்டார். விட்டம் சரி, காற்றோட்டம் சரி. மெருகிடும்போது நேர்ந்த கீறலாக இருக்கலாம் என்றார் ஒருவர். இயந்திரம் ஒன்று அத்தகடுகளுக்காகக் காத்திருக்கின்றது என்றார் மேலாளர். அவரோ அந்நாட்டில் தொழில் அனுமதியைப் புதுப்பிக்கக் காத்திருந்தவர். ஊரிலே அவருடைய பணத்தை எதிர்பார்த்து ஒரு குடும்பம் இருந்தது. அவர் கையொப்பமிட்டார்.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. தந்தையாரின் சொற்கள் நெடுநாட்களுக்குப் பின் மீண்டும் கேட்டன. துறையை இறைக்கப் பணித்தவர்களும் அன்று அவசரத்தில் இருந்திருக்கலாம். அளவுகள் சரியென்றே எண்ணியிருக்கலாம். விடியுமுன் அவர் தொழிற்சாலைக்குச் சென்று, தகடுகள் அனுப்பப்படுவதைத் தடுத்து, ‘என் கையொப்பம் பிழையானது’ என எழுதிக் கொடுத்தார். மேலும் தகடுகள் வெட்டப்பட்டன. வேறு துளைகளிலும் வெடிப்புகள் இருந்தன. லேசரின் விளக்கு அண்மையில் மாற்றப்பட்டிருந்தது. ஒளித்துடிப்பின் தன்மை மாறியிருந்தது. அதனை மீளச் சோதித்துறுதி செய்யாமலே வேலை தொடர்ந்திருந்தது. விளக்கு மாற்றப்பட்டமை பதிவேட்டில் இருந்தது. அதனைப் பார்த்திருக்க வேண்டியவரும் அவரே.

தகடுகள் ஒதுக்கப்பட்டன. தாமதத்துக்கான பழி அவர்மீது விழுந்தது. பதவியுயர்வு பல ஆண்டுகள் பிந்தியது. அத்தகடுகள் பறந்திருந்தால் உடைந்திருக்குமா என்பதை எவராலும் கூற இயலாது. மூழ்கிய துறை தன் பிழையை ஊரறியக் காட்டிற்று. தடுக்கப்பட்ட விபத்தோ எவருக்கும் எதனையும் காட்டுவதில்லை. இப்பணியின் கடினம் இதிலேயே உளது எனலாம். செய்த நன்மைக்குச் சான்று கிடையாது. செய்யத் தவறியதற்கே சான்று உண்டு.

அன்று காலை திருத்தியதைப் பிறர் புகழ்ந்தால், முன்னாள் மாலை ஒப்பமிட்டதையே அவர் நினைவூட்டுவார். உவர்மலையில் அவர் நிற்கும் வேளையில் சீனன்குடாவிலிருந்து விமானம் ஒன்று எழும்பி வருவதுண்டு. அருகில் நிற்போர் அண்ணாந்து அதன் வடிவை நோக்குவர். அவரோ கண்ணை மூடி, அதன் இயந்திர ஒலி மறையும் வரை கேட்டுக்கொண்டிருப்பார்.