அப்பாவின் காது

பழைய புல்லட்டை உதைக்க பலம் வேண்டும் என்கிறீர்களா? பொறுமைதான் வேண்டும் சார்! சாவியைப் போட்டு, கிக்கர் முட்டியதும் டீகம்ப்ரஷன் லீவரைப் பிடித்து, அம்மீட்டர் முள் நடுவுக்கு வரும்வரை மெல்ல நகர்த்துங்கள். லீவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு ஒரே உதை... டப், டப், டப்!

திருவொற்றியூரில் பிறந்த எங்கள் 350 சி.சி. வண்டி, 1972-ல் தாத்தா வாங்கியது. வலது காலில் கியர், இடது காலில் பிரேக். பக்கவாதம் வந்த பிறகு அப்பாவால் ஸ்பானர் பிடிக்க முடியவில்லை, பேச்சும் குறைந்துவிட்டது. ஆனால் வண்டி உறுமியதும் திண்ணையிலிருந்து குரல் வரும்: "பாயின்ட் கேப் பாருடா." ஃபீலர் கேஜ் வைத்தால், 0.4 மில்லிமீட்டரைத் தாண்டியிருக்கும்!

விலை கேட்டு யாராவது வந்துகொண்டே இருக்கிறார்கள். அப்பா வாய் திறப்பதே அந்தச் சத்தத்துக்குத்தான். எப்படி விற்க, நீங்களே சொல்லுங்கள்?