ஆறாவது சார்ஜ்

"ஏன்டா, கரண்டுக்குப் படிக்கிறேன்ங்கிற. இந்தப் பொடி பேட்டரிக்கு சார்ஜ் போடத் தெரியாதா?"

அப்பத்தா கேட்ட இந்தக் கேள்விதான் நண்பர்களே, எங்கள் பைனல் இயர் ப்ராஜெக்ட்!

அப்பத்தாவின் காது மெஷினில் இருப்பது துத்தநாக-காற்று பேட்டரி. ஸ்டிக்கரை உரித்ததும் சின்னத் துளை வழியாகக் காற்றிலுள்ள ஆக்சிஜனை இழுக்கும். துத்தநாகம் ஆக்சைடாக மாறும்போது கரண்ட் வரும். பத்து நாளில் தீர்ந்துவிடும், பிறகு குப்பைதான். புதுசு வாங்க மறந்தால் வீட்டில் எல்லாரும் கத்தித்தான் பேச வேண்டும்.

அந்தக் குட்டி செல்லை சார்ஜ் செய்வது ஆபத்து. அதனால் சொந்தமாகவே ஒன்று செய்யத் துணிந்தோம், மூன்று பேர். துத்தநாகத் தகடு, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல், மாங்கனீஸ் டை ஆக்சைடு பூசிய கார்பன் துணி. மல்டிமீட்டர் 1.2 வோல்ட் காட்டியதும் நாங்கள் போட்ட சத்தத்தில் பக்கத்து லேபே எட்டிப் பார்த்தது!

சார்ஜ் போட்டபோதுதான் வந்தது வினை. 1.2 வோல்ட் தரும் செல், திரும்ப ஏற்ற 2 வோல்ட் கேட்டது. 100 ரூபாய் போட்டு 60 ரூபாய் எடுக்கும் வியாபாரம்! ஆறாவது சார்ஜில் கரைசல் டீ நிறத்துக்கு மாறியது. கார்பன் அரித்துக்கொண்டிருந்தது.

காரணம் இதுதான். கரண்ட் தரும்போது ஆக்சிஜன் உள்ளே வந்து ஹைட்ராக்சைடு அயனியாக வேண்டும். சார்ஜ் ஏறும்போது அந்த அயனி மறுபடி ஆக்சிஜனாகி வெளியேற வேண்டும். ஒரே வினையூக்கி இரண்டு வேலையும் பார்க்க வேண்டும். பிளாட்டினம் முதல் வேலையில் கெட்டிக்காரன், அடுத்ததில் சுமார். இரிடியம் ஆக்சைடு நேர் எதிர். விலையோ நம்மால் ஆகாது! அதனால்தான் கோபால்ட், நிக்கல், இரும்பு, மாங்கனீஸ் சேர்மங்களில் உலகமெங்கும் தேடுகிறார்கள்.

ரிப்போர்ட்டில் ஆறாவது சார்ஜை விட்டுவிடலாமா என்று யோசித்தோம். மார்க் பயம்தான். எங்கள் கைடு சார் சொன்னார்: "முதல் அஞ்சும் புஸ்தகத்துலயே இருக்குப்பா. அந்த ஆறாவதுதான் நீங்களா பார்த்தது. அதை எழுதுங்க."

எழுதினோம். வைவாவில் அதிகம் கேட்கப்பட்டதும் அதைப் பற்றித்தான்.

ஊருக்குப் போய், "முடியல அப்பத்தா" என்றேன்.

புது பேட்டரியின் ஸ்டிக்கரை உரித்தபடியே அப்பத்தா சொன்னாள்: "இன்னும் முடியலன்னு சொல்லுடா."

- மூன்றாம் ஆண்டு, மின்னியல் துறை