தண்ணீர்த் தொட்டியை விட்டு நகராத காவல் நாய்

ஆட்டுக்குக் கழிச்சல் என்றால் அன்றைக்கே மருந்து தேடும் வீட்டில், பட்டியைக் காக்கிற நாய் இரண்டு நாள் சாப்பிடாமல் படுத்தால், 'வெயில் தாங்கலை, தானா எந்திரிச்சிடும்' என்று விட்டுவிடுவார்கள். நடுவயது தாண்டிய பெட்டை நாயை அப்படி விடுவது ஆபத்து.

பருவம் அடங்கிய ஓரிரு மாதங்களில் அதன் கருப்பையில் சீழ் பிடிக்கலாம். பெரும்பாலும் காரணம், அந்த நாயின் குடலிலேயே இருக்கும் ஈ-கோலை பாக்டீரியாதான். சில நேரம் ஸ்டெஃபைலோகாக்கஸ், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமிகளும் உண்டு. பருவத்தில் கருப்பை வாய் திறந்திருக்கும்போது இவை உள்ளே ஏறுகின்றன. பிறகு, சினை பிடிக்காவிட்டாலும், புரோஜெஸ்டிரோன் ஹார்மோன் கருப்பையின் உட்சுவரைத் தடிக்க வைக்கிறது. அங்கே நோய் எதிர்ப்புச் சக்தியும் குறைகிறது. கிருமி பெருக அது போதும்.

ஓயாமல் தண்ணீர் குடிப்பது, அடிக்கடி சிறுநீர் கழிப்பது, வாந்தி, சோர்வு, பிறப்புறுப்பில் நாற்றமுள்ள சீழ் ஆகியவை அறிகுறிகள். கருப்பை வாய் மூடிக்கொண்டால் சீழ் வெளியே தெரியாது. வயிறு மட்டும் உப்பும். சினை என்று வீட்டார் நினைத்திருக்க, கிருமியின் நஞ்சு ரத்தத்தில் கலந்து நாய் செத்துப்போகும்.

இதற்கு ஊசி மருந்து மட்டும் பெரும்பாலும் போதாது. கருப்பையையும் சினைப்பையையும் அறுவை செய்து எடுப்பதே உறுதியான வழி. குட்டி வேண்டாம் என்றால் முன்கூட்டியே கருத்தடை செய்துவிடலாம். பருவத்தைத் தள்ளிப்போடும் ஹார்மோன் ஊசி இந்த நோய்க்கே வழிவிடும்.

இரவெல்லாம் விழித்திருக்கிற நாய் தொட்டியடியிலேயே சுருண்டு கிடந்தால், கடைசியாக எப்போது பருவத்துக்கு வந்தது என்று கணக்குப் பார்த்து, அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.