பச்சைக் கதவு

1991 மே 21, செவ்வாய்க்கிழமை இரவு. எனக்குப் பன்னிரண்டு வயது. அப்பா திண்ணையில் சரிந்து கிடக்கிறார். வாய் ஒரு பக்கம் கோணியிருக்கிறது. "பெரியப்பாவைக் கூட்டிட்டு வாடா" என்று அம்மா கத்துகிறாள். காக்கி டவுசரோடு, செருப்பில்லாமல் ஓடுகிறேன். இரண்டு தெரு தள்ளிப் பெரியப்பா வீடு. பச்சை பெயிண்ட் அடித்த கதவு, அதில் பித்தளை வளையம். வளையத்தைப் பிடித்து அடிக்கிறேன். பெரியப்பா முண்டா பனியனோடு வந்து திறக்கிறார். அவருக்குப் பின்னால் ஜீரோ வாட் பல்பு எரிகிறது. "ராஜீவ் காந்தியைக் கொன்னுட்டாங்கடா. ஊரே பத்தி எரியப் போவுது. இந்நேரத்துல எவன் வண்டி எடுப்பான்? விடியட்டும், பாப்போம்" என்கிறார். கதவைச் சாத்துகிறார். உள்ளே தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்கிறது.

இருபத்தெட்டு வருஷம் இதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். நண்பர்களிடம் சொன்னேன். கல்யாணமான புதிதில் மனைவியிடம் சொன்னேன். என் மகளுக்கு விவரம் தெரிந்ததும் அவளிடமும் சொன்னேன். ஒவ்வொரு முறையும் அந்தத் தாழ்ப்பாள் சத்தம் காதில் கேட்டது. அப்பா விழுந்தது உண்மை. மற்றது எதுவும் நடக்கவில்லை.

அப்பாவுக்கு வந்தது பக்கவாதம். இடது கையும் காலும் போயின. மன்னார்குடியில் நாங்கள் வைத்திருந்த மளிகைக்கடையை அந்த வருஷமே மூடினோம். ஆறு வருஷம் படுக்கையிலும் நாற்காலியிலுமாக இருந்துவிட்டு 1997-ல் அப்பா போய்ச் சேர்ந்தார். சீக்கிரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தால் கை கால் விளங்கியிருக்கும் என்று யாரோ ஒருவர் சொன்னது என் மனதில் தங்கிவிட்டது. தாமதத்துக்குக் காரணம் யார் என்று எனக்குத்தான் தெரியுமே! 1998-ல் பெரியப்பா மகள், என் அக்கா, அவளுக்குக் கல்யாணம். பத்திரிகையை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டு அனுப்பிவிட்டேன். 2003-ல் பாட்டியின் கருமாதி. பந்தியில் முதல் வரிசையில் பெரியப்பாவைப் பார்த்ததும் என்னால் பொறுக்க முடியவில்லை. "எங்கப்பா சாகக் கிடந்தப்போ கதவைச் சாத்துனவரு இன்னிக்கு முதல் பந்தியில உக்காந்திருக்காரு" என்று எல்லார் காதிலும் விழும்படி சொன்னேன். பெரியப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. பாதிச் சாப்பாட்டில் இலையை மூடிவிட்டு எழுந்து கை கழுவப் போனார். குற்றம் உள்ளவர்தான் பேசாமல் போவார் என்று நான் அதை எடுத்துக்கொண்டேன். 2009-ல் அவர் இறந்தபோதும் போகவில்லை.

2019-ல் வீட்டை இடித்துக் கட்டுவதற்காகப் பரணைக் காலி செய்தோம். ஒரு மஞ்சப்பையில் அப்பாவின் மருத்துவச் சீட்டுகள், ரேஷன் கார்டு, கடைக் கணக்கு நோட்டு, நாலைந்து இன்லாண்டு லெட்டர். அதில் ஒன்று பெரியப்பா எழுதியது. அவருக்கு ரயில்வேயில் வேலை, பெஜவாடாவில் குவார்ட்டர்ஸ். ஒவ்வொரு மே மாதமும் குடும்பத்தோடு ஊருக்கு வந்து ஒரு மாதம் இருப்பார். அந்த வருஷமும் வந்திருந்தார் என்றுதான் நினைத்திருந்தேன். லெட்டரில் தேதி 25-5-91. 'அன்புள்ள தம்பிக்கு' என்று தொடங்குகிறது. தந்தி இன்றுதான் கையில் கிடைத்தது, இங்கேயும் கலவரம், கடை இல்லை, பஸ் இல்லை, லீவும் தர மாட்டேன் என்கிறார்கள் என்று எழுதியிருந்தார். கடைசியில்: 'மணியார்டரில் 500 ரூபாய் அனுப்புகிறேன். இதற்கு மேல் இப்போது என்னால் முடியாது. கோபித்துக்கொள்ளாதே.'

மூன்று முறை படித்தேன். பிறகு மருத்துவச் சீட்டை எடுத்துப் பார்த்தேன். தஞ்சாவூரில் அப்பாவைச் சேர்த்த நேரம் இரவு 10.10 என்று இருந்தது. ராஜீவ் காந்தி ஸ்ரீபெரும்புதூரில் கொல்லப்பட்டது 10.20 வாக்கில். நான் அந்தக் கதவைத் தட்டியதாகச் சொல்லும் நேரத்தில் அவர் உயிரோடு இருந்தார். எங்கள் தெருவுக்கு அந்தச் செய்தி மறுநாள் விடிந்துதான் வந்தது. அப்பாவைக் கொண்டுபோனதில் தாமதமும் இல்லை. காக்கி டவுசரைப் பற்றி அப்போதுதான் யோசித்தேன். அது பள்ளிச் சீருடை. மே மாதத்தில், ராத்திரி ஒன்பது மணிக்கு நான் ஏன் அதைப் போட்டிருக்கப்போகிறேன்?

அம்மாவிடம் கேட்டேன். "நீ எங்கடா போன? நீ தூங்கிட்டிருந்த. ரைஸ்மில் கணக்குப்பிள்ளைதான் டாக்ஸி கூட்டியாந்தாரு" என்றாள். "அப்புறம் ஏம்மா பெரியப்பா கதவைச் சாத்திட்டாருன்னு சொல்லிச் சொல்லி அழுத?" அம்மா என்னை விநோதமாகப் பார்த்தாள். "ஆமா. பணம் கேட்டு எழுதினோம். ஐநூறோட கதவைச் சாத்திட்டாரு. அதைத்தான் சொன்னேன்."

கதவைச் சாத்திட்டாரு. கையை விரிச்சிட்டாரு, கைகழுவிட்டாரு என்பதுபோல வாயில் புழங்கும் ஒரு பேச்சு. அம்மா சொன்னதில் பொய் இல்லை. பன்னிரண்டு வயதுப் பையன் அந்தச் சொல்லுக்கு நிஜமாகவே ஒரு கதவைச் செய்துகொண்டான்.

அன்றிலிருந்து ஞாபகத்தைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் தேடிப் படித்தேன். எனக்கு மட்டும்தான் இப்படி ஆகிவிட்டதா என்று தெரிந்தாக வேண்டியிருந்தது. முதலில் கண்ணில் பட்டது 1974-ல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பால்மரும் செய்த சோதனை. 150 மாணவர்களுக்கு ஒரு கார் விபத்துப் படத்தைக் காட்டினார்கள். ஐம்பது பேரிடம் கார்கள் 'இடித்தபோது' என்ன வேகத்தில் வந்தன என்று கேட்டார்கள். இன்னொரு ஐம்பது பேரிடம் அதே கேள்வி, 'மோதி நொறுங்கியபோது' என்று. மிச்சப் பேரிடம் வேகத்தைப் பற்றியே கேட்கவில்லை. ஒரு வாரம் கழித்து எல்லாரையும் கூப்பிட்டு, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்று கேட்டார்கள். படத்தில் உடைந்த கண்ணாடியே கிடையாது. 'இடித்த' என்ற சொல்லைக் கேட்டவர்களில் 7 பேர் பார்த்தேன் என்றார்கள். 'நொறுங்கிய' என்று கேட்டவர்களில் 16 பேர். ஒரே ஒரு வினைச்சொல், ஒரே ஒரு தடவை காதில் விழுந்தது, இல்லாத கண்ணாடியைத் தரையில் சிதறவிட்டிருக்கிறது. என் வீட்டில் 'சாத்திட்டாரு' என்ற சொல் ஆறு வருஷம் தினமும் விழுந்துகொண்டிருந்தது. அப்பாவைக் குளிப்பாட்டும்போது விழுந்தது. கடன்காரர் வந்துபோன பிறகு விழுந்தது. தீபாவளிக்குத் துணி எடுக்க முடியாதபோது விழுந்தது.

நடந்ததை நினைவு பெட்டியில் வைப்பதுபோல வைத்திருந்து, கேட்கும்போது எடுத்துத் தருகிறது என்றுதான் நாமெல்லாம் நம்புகிறோம். உண்மையில் ஒவ்வொரு தடவையும் அது புதிதாகக் கட்டுகிறது. கையில் கிடைக்கிற கல், மண், ஓடு எல்லாவற்றையும் வைத்துக் கட்டுகிறது. கேம்பிரிட்ஜில் ஃபிரெடரிக் பார்ட்லெட் என்பவர் 1932-ல் வெளியிட்ட புத்தகத்திலேயே இதைச் சொல்லிவிட்டார். அமெரிக்கப் பழங்குடி மக்களின் கதை ஒன்றைப் படிக்கச் சொல்லி, இடைவெளி விட்டுத் திரும்ப எழுதச் சொன்னால், படித்தவர்கள் தங்களுக்குப் புரியாததைத் தங்களுக்குப் பழகியதாக மாற்றி எழுதினார்கள். வேண்டுமென்று செய்யவில்லை. அப்படித்தான் படித்தோம் என்று நம்பினார்கள்.

இதைவிட என்னைப் பாதித்தது 2000-ல் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் கரீம் நாடெரும் கூட இருந்தவர்களும் எலிகளை வைத்துச் செய்த ஆய்வு. ஒரு சத்தத்தைக் கேட்டால் பயப்படும்படி எலியைப் பழக்கினார்கள். மறுநாள் அந்தச் சத்தத்தை ஒரு முறை கேட்கவைத்து, உடனே மூளையில் அச்சம் பதியும் பகுதியில் ஒரு மருந்தைச் செலுத்தினார்கள். புதுப் புரதம் உண்டாகாமல் தடுக்கும் மருந்து அது. அதற்கடுத்த நாள் பார்த்தால் பழைய பயம் பெரும்பாலும் போய்விட்டிருந்தது. சத்தத்தைக் கேட்கவைக்காமல் மருந்தை மட்டும் செலுத்திய எலிகளுக்கு எதுவும் ஆகவில்லை. அதாவது, நினைத்துப் பார்க்கும்போது அந்த நினைவு இளகிவிடுகிறது. திரும்பக் கெட்டிப்பட்டால்தான் நிலைக்கும். எலிக்கு நடப்பது அப்படியே மனிதனுக்கும் நடக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் நான் கதை சொன்ன ஒவ்வொரு முறையையும் எண்ணிப் பார்த்தேன். கேட்டவர்கள் உச்சுக்கொட்டிய இடங்களில் கதை கெட்டிப்பட்டிருக்கும். ஜீரோ வாட் பல்பு எப்போது சேர்ந்தது? முண்டா பனியன் எப்போது சேர்ந்தது? ராஜீவ் காந்தி? அடுத்தடுத்த நாளில் நடந்தவை ஒரே இரவுக்குள் எப்போது வந்தன? எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மனைவியிடம் முதலில் சொன்னபோது தாழ்ப்பாள் சத்தம் இருந்ததா என்று கேட்டேன். அவளுக்கும் நினைவில்லை.

சேலஞ்சர் விண்வெளி ஓடம் 1986 ஜனவரி 28 அன்று வெடித்தது. மறுநாளே உல்ரிக் நைசர் என்ற உளவியலாளர் தன் பல்கலைக்கழக மாணவர்களிடம், செய்தியை எங்கே, எப்படிக் கேட்டீர்கள் என்று எழுதி வாங்கி வைத்தார். இரண்டரை வருஷத்துக்குப் பிறகு அவர்களில் 44 பேரிடம் அதே கேள்வி. கால்வாசிப் பேர் சொன்னதில் எல்லாமே தவறு. அப்படிச் சொன்னவர்களில் பலர் அடித்துச் சொன்னார்கள். அவர்கள் அன்றைக்குத் தங்கள் கையாலேயே எழுதிய தாளைக் காட்டியும் பழைய நினைவு திரும்பவில்லை. அந்த இடத்தைப் படித்தபோது புத்தகத்தை மூடிவிட்டேன். எனக்கும் அதுதான் நடந்துகொண்டிருந்தது. பெரியப்பாவின் கடிதம் கையில் இருக்கிறது. அம்மா சொல்லிவிட்டாள். மருத்துவச் சீட்டில் நேரம் இருக்கிறது. கண்ணை மூடினால் பச்சைக் கதவு வருகிறது, பித்தளை வளையம் கையில் சில்லென்று படுகிறது.

அமெரிக்காவில் வட கரோலினா மாநிலத்தில் 1984-ல் ஜெனிஃபர் தாம்சன் என்ற கல்லூரி மாணவி பாலியல் வன்முறைக்கு ஆளானார். பிழைத்தால் இவனை அடையாளம் காட்ட வேண்டும் என்று அந்த நேரத்திலும் அவன் முகத்தை மனதில் பதிய வைத்துக்கொண்டார். பிறகு போலீஸ் காட்டிய படங்களிலிருந்தும், வரிசையில் நிறுத்தியவர்களிலிருந்தும் ரொனால்ட் காட்டன் என்பவரைக் காட்டினார். அவருக்குத் துளி சந்தேகமும் இல்லை. பத்து வருஷத்துக்கு மேல் சிறையில் கிடந்த பிறகு, 1995-ல் டி.என்.ஏ. பரிசோதனை காட்டன் நிரபராதி என்று காட்டியது. செய்தவன் வேறொருவன். அந்தப் பெண் பிற்பாடு காட்டனை நேரில் பார்த்து அழுது மன்னிப்புக் கேட்டார். அவர் மன்னித்தார். இரண்டு பேரும் சேர்ந்து ஒரு புத்தகமும் எழுதினார்கள். அந்தப் பெண் பட்டதற்கும் நான் பட்டதற்கும் ஒப்பே இல்லை. ஆனால் அவருக்குப் போய்க் கேட்க ஓர் ஆள் இருந்தார். எனக்கு இல்லை.

பெரியம்மா இருந்தார். கடிதம் கிடைத்த பத்தாம் நாள் போனேன். வாசலில் நின்றபோது கால் நகரவில்லை. அதே பச்சைக் கதவு, அதே பித்தளை வளையம். என் நினைவில் இருந்ததில் ஒரு மயிரிழை பிசகில்லை. ஒரு நிமிஷம், எல்லாம் நிஜமாகவே நடந்திருக்குமோ என்றுகூடத் தோன்றிவிட்டது.

பெரியம்மாவுக்கு எண்பது வயது. என்னை அடையாளம் தெரிந்துகொள்ளக் கொஞ்ச நேரம் ஆயிற்று. எடுத்த எடுப்பில் நான் கேட்டது கதவைத்தான். "இந்தக் கதவு எப்ப வச்சது பெரிம்மா?"

"இதுவா? அவரு ரிட்டயர் ஆயி வந்து வீட்டை எடுத்துக் கட்டுனோமே, தொண்ணூத்தாறுல. அப்ப வச்சது. அதுக்கு முன்ன ஓட்டு வீடுதானே. கறுப்பா எண்ணெயிறங்கின பலாமரக் கதவு, குனிஞ்சுதான் நுழையணும். மறந்துட்டியா?"

மறந்துதான் போயிருந்தது. 1996-லிருந்து நான் கல்லூரிக்குப் பஸ் பிடிக்கப் போன வழி அந்தத் தெரு. தினமும் இரண்டு வேளை அந்தக் கதவைத் தாண்டித்தான் போனேன். போகும்போதெல்லாம் அது சாத்தியிருக்கும். நாங்கள் யாரும் தட்டாததால் சாத்தியிருந்த கதவு அது. அதைத்தான் பெயர்த்தெடுத்துக்கொண்டுபோய் 1991-ல் வைத்திருக்கிறேன்.

கடிதத்தைக் கொடுத்தேன். கண் சரியாகத் தெரியவில்லை, நீயே படி என்றார். படித்தேன். 'கோபித்துக்கொள்ளாதே' என்ற இடத்தில் குரல் உடைந்தது. கருமாதியில் பேசியதைச் சொன்னேன். நான் நேரில் வந்து கதவைத் தட்டியதாகவே நம்பியிருந்தேன் என்று சொன்னேன். அவருக்கு அது முதலில் பிடிபடவில்லை. திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டார். பிறகு கடிதத்தை வாங்கி, மடிப்பில் கிழிந்திருந்த இடத்தை விரலால் நீவிவிட்டுக்கொண்டே சொன்னார்:

"உங்க பெரியப்பா அப்பிடி நெனைக்கலியேப்பா. அன்னிக்கு வீட்டுக்கு வந்ததும் நான்தான் உன்னைத் திட்டினேன். அவரு திட்ட விடலை. 'பையன் சொன்னதுல என்ன தப்பு, ஐநூறு ரூபாயோட நான் கதவைச் சாத்திக்கிட்டது நெசந்தானே'ன்னாரு."