நாற்பத்தைந்து நாள் கெடு

இந்தூரில் ஒரு பல் மருத்துவப் பொருள் கடை. இந்தத் தொழிலில் இருப்பவர்கள் 'டென்டல் டெப்போ' என்பார்கள். பத்தடி அகலம்தான். கூரை வரை அட்டைப்பெட்டிகள்: பல்லைக் குடையும் பர்கள், அச்செடுக்கும் அல்ஜினேட் மாவு, மெழுகுத் தகடுகள், வரிசையாகப் பதித்த அக்ரிலிக் பற்கள். உரிமையாளருக்கு அறுபது வயது தாண்டிவிட்டது. காலையில் ஷட்டரைத் தூக்கியதும் ஊதுபத்தி ஏற்றுகிறார். அடுத்து கம்ப்யூட்டரில் மத்திய அரசின் கெஜட்டைத் திறக்கிறார். சாமி படத்துக்கு இரண்டு நிமிடம், கெஜட்டுக்கு முக்கால் மணி நேரம்.

கெஜட் அச்சில் வருவது 2015 அக்டோபரோடு நின்றுவிட்டது. இப்போது இணையத்தில் மட்டும்தான். ஒவ்வொரு அறிவிக்கையிலும் முதலில் இந்தி, பிறகு ஆங்கிலம். இவருடைய தாய்மொழி இந்தி. ஆனாலும் நேராக ஆங்கிலப் பகுதிக்குப் போய்விடுகிறார். சட்டத்துக்கென்று அரசாங்கம் வைத்திருக்கும் இந்தி, இந்தூர் கடைவீதியில் யாரும் பேசுகிற இந்தி அல்ல. இந்திக்காரர் கதியே இதுவென்றால் மதுரைக்காரரும் குண்டூர்க்காரரும் என்ன செய்வார்கள்? 2020-ல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவை எட்டாவது அட்டவணை மொழிகளில் எல்லாம் வெளியிடச் சொன்னது டெல்லி உயர் நீதிமன்றம். பல் குடையும் பருக்காக யாரும் வழக்குப் போடவில்லை.

இந்தப் பழக்கம் அவருக்கு ஒரு அடிக்குப் பிறகு வந்தது. 2020 பிப்ரவரி 11 அன்று சுகாதார அமைச்சகம் ஓர் அறிவிக்கை வெளியிட்டது. ஏப்ரல் 1 முதல் எல்லா மருத்துவச் சாதனங்களும் சட்டத்தின் கண்ணில் 'மருந்து'. வாயில் விட்டுப் பார்க்கும் சின்னக் கண்ணாடி உட்பட. அதுவரை குறிப்பிட்ட சில சாதனங்களுக்குத்தான் இந்தக் கட்டுப்பாடு. கடைவீதியில் யாரும் சட்டை செய்யவில்லை. மருந்துக்கடைக்காரர்கள் சமாசாரம் என்று விட்டுவிட்டார்கள். மார்ச் கடைசியில் ஊரடங்கு வேறு வந்துவிட்டது. நாடே வீட்டுக்குள் முடங்கியிருந்தபோது சட்டம் மட்டும் தேதி தவறாமல் அமலுக்கு வந்தது. ஆபத்து குறைந்த 'ஏ', 'பி' வகைகளைத் தயாரிப்பவர்களுக்கு 2022 அக்டோபர் 1 முதல் லைசென்ஸ் கட்டாயம். 'சி', 'டி' வகைகளுக்கு இன்னும் ஓராண்டு.

அந்த அக்டோபரில் நடந்ததை அவர் இன்றும் சிரித்துக்கொண்டே சொல்கிறார். சிரிப்பு கொஞ்சம் கசப்பானது. இடுக்கி, கண்ணாடி, அச்சுத் தட்டு செய்யும் சிறு பட்டறைக்காரர்கள் கடன் வாங்கி, ஆலோசகர்களுக்குப் பணம் கொடுத்து ஓடியாடிக்கொண்டிருந்தார்கள். 14-ந் தேதி புது அறிவிக்கை: 'ஏ' வகையில் கிருமிநீக்கம் செய்து விற்கப்படாத, அளவெடுக்கப் பயன்படாத சாதனங்களுக்கு லைசென்ஸ் தேவையில்லை, இணையத்தில் பதிவு செய்தால் போதும். கெடு முடிந்து பதினான்காவது நாள்! ஆலோசகர்கள் பணத்தைத் திருப்பித் தரவில்லை.

அதற்கு முன்பே, செப்டம்பர் 30 அன்று, விற்பனையாளர்களுக்கான விதி வந்திருந்தது. மாநில அதிகாரியிடம் பதிவுச் சான்றிதழ் பெறவேண்டும். கட்டணம் 3,000 ரூபாய். பணம் பெரிதல்ல. கடையில் தகுதியுள்ள ஒருவர் இருக்கவேண்டும் என்ற நிபந்தனைதான் பெரிது: பட்டதாரி, அல்லது பதிவு பெற்ற பார்மசிஸ்ட், அல்லது பிளஸ் டூ படித்து ஓராண்டு அனுபவம் உள்ளவர். இரண்டு தெரு தள்ளி ஒரு பெண்மணி, கணவர் இறந்தபின் இருபது வருடமாகத் தனியாகக் கடை நடத்துகிறார். பெட்டியைத் திறக்காமலே, குலுக்கிப் பார்த்து எத்தனை பர் இருக்கிறது என்று சொல்வார். படித்தது பத்தாவது. "பையா, நான் கடையை மூடவா?" என்று அவர் வந்து நின்றபோது இவரிடம் பதில் இல்லை. கடைசியில் பி.காம். படித்த மருமகள் காப்பாற்றினாள். பருக்கும் பின்னுக்கும் வித்தியாசம் தெரியாத அவள், சான்றிதழில் தகுதியுள்ள நபர் ஆனாள்.

அன்றிலிருந்து அவர் இறுதி விதிகளைவிட வரைவுகளைத்தான் ஊன்றிப் படிக்கிறார். விதி வந்தபின் தகவல் சொல்வது காரியத்துக்குக் கடிதம் போடுவது மாதிரி என்பது அவர் கட்சி. பெரும்பாலான வரைவுகளில் ஆட்சேபணை சொல்ல 30 நாள் அல்லது 45 நாள் அவகாசம் இருக்கும். டெல்லியில் அலுவலகம் வைத்திருக்கும் பெரிய கம்பெனிகளுக்கு அது தாராளம். பத்தடிக் கடைக்காரருக்கு விஷயம் காதில் விழும்போதே பாதி நாள் போயிருக்கும்.

ஆகவே அறுபது சொச்சம் வியாபாரிகளுக்கு வாட்ஸப்பில் நாலு வரி எழுதுகிறார். முதல் சொல் 'வரைவு' அல்லது 'இறுதி'. பிறகு யாருக்கு, எந்தத் தேதியிலிருந்து, நாம் என்ன செய்யவேண்டும். எழுதுவதைவிட வதந்தியைக் கொல்வது பெரிய வேலை. "எல்லா டெப்போவுக்கும் சீல்" என்று யாரோ கிளப்பிவிட்டால், ஒருநாள் முழுக்க வியாபாரத்தை விட்டுவிட்டு போனில் சமாதானம் சொல்கிறார். ஒரு வரைவுக்கு ஆட்சேபணைக் கடிதம் எழுதச் சொல்லி, மாதிரியும் தயாரித்து அனுப்பினார். கெடு முடிவதற்குள் வந்தவை மூன்று. ஒன்றில் ரோஜாப்பூப் படமும் காலை வணக்கமும் இருந்தன.

2025 செப்டம்பர் 22 அன்று பல் மருத்துவக் கருவிகளுக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதமாகக் குறைந்த செய்தியைச் சொன்னபோது மட்டும் நன்றிகள் கொட்டின. வரியைக் குறைத்தவர் அவரே என்பது போல.

நவம்பரில் ஜெனீவாவிலிருந்து வந்த செய்திக்கு அத்தனை உற்சாகம் இல்லை. இந்தியா 2018-ல் ஏற்றுக்கொண்ட மினமாட்டா ஒப்பந்தத்தின் உறுப்பு நாடுகள் அங்கே கூடி, பாதரசம் கலந்த பல் அடைப்பான அமால்கத்துக்கு 2034-ல் முடிவு கட்டத் தீர்மானித்தன. "இன்னும் எட்டு வருஷம் கிடக்கிறதே" என்றார்கள். அவருக்கு அந்த நிம்மதி பிடிக்கவில்லை. அமால்கம் மலிவு, அதையே நம்பி விற்கும் கடைகள் சின்ன ஊர்களில் உண்டு. இங்கே எப்படி, எந்த வேகத்தில் அமலாகும் என்பது ஏதோ ஒரு வரைவில்தான் வரும் என்று நினைக்கிறார். அதைத் தவறவிடக்கூடாது என்று கடைக் காலண்டரின் மேலே '2034' என்று எழுதி வைத்திருக்கிறார்.

கண்புரை ஆரம்பித்துவிட்டது. சிறிய எழுத்து மங்குகிறது. அதனால் சில மாதங்களாக கெஜட்டின் ஆங்கிலப் பகுதியை இரவிலேயே படித்துவிட்டு, காலை ஒன்பது மணிக்குள் போன் செய்கிறாள் அந்தப் பெண்மணியின் மருமகள். "அங்கிள், இன்று ஒன்று வந்திருக்கிறது. வரைவுதான். முப்பது நாள்." அவர் பேனாவை எடுக்கிறார்.